இதமான அக்கு ஸ்டிக்

இதில் வருகிற ஒவ்வொரு எழுத்தும் நிஜம். எங்கள் ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை சாட்சி. ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் கிடார்க் கம்பி அத்தனையும் ஒரே நேரத்தில் அறுந்து என் மூக்கில் அடிக்கட்டும். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை மூக்கு சௌக்கியமாக இருக்கிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு மைக் இல்லாமல், மெதுவாக, கிடார் வைத்துக்கொண்டு பாடுவது என் தொழில். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு பிடித்த தொழில். இதில் ஒரு விசேஷம் உண்டு. கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டு நடுவிலேயே ஒன்றுக்குப் போக எழுந்துவிடுவார்கள். மீதிப் பேர் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள். பேரனுக்கு ஒரு பாட்டு எடுத்துவிட்டு, "போதும் தாத்தா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அமீர் பாய்க்குக் கஞ்சிராவும் மவுத் ஆர்கனும். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்ந்த எஸ்தர் டீச்சருக்குக் குரல். எனக்குக் கிடாரும் வாயும். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சின்ன ஹால் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் அதுதான் எங்கள் இடம். மண்டபத்துக்காரர் ராஜா, வீட்டில் தெலுங்கு, கல்லாவில் தமிழ். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஹால் சும்மா கிடக்கிறது என்று எங்களுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே நிபந்தனையும் போட்டார்.

"ஆடி கடைசிச் சனிக்கிழமை நாற்காலி பூரா நெறையணும். நெறைஞ்சா வருஷம் பூரா ஒங்களுக்கு. இல்லைன்னா ஆவணியில டான்ஸ் கிளாஸ்காரனுக்கு விட்டுருவேன். அவன் ஸ்பீக்கரே ஆள் ஒசரத்துக்கு வச்சிருக்கான்."

ஹால் போனால் போகட்டும் என்று நானும் பாயும் ஏதாவது மரத்தடியில் உட்கார்ந்துகொள்வோம். டீச்சர் விஷயம் அப்படியில்லை. வீட்டில் தனியாக இருக்கிறவர். ஓசூரில் இருக்கும் மகள் வந்துவிடச் சொல்லி விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் எங்களிடம் பட்டென்று சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் அண்ணாச்சி, இங்கன இருக்கேன். அதுவும் போச்சுன்னா பெட்டியக் கட்டிருவேன்."

சண்டைக்கு வந்தவர்

ஆடி பிறந்த புதிதில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கூப்பிட்டார்கள். பிள்ளையின் அப்பா எங்கள் பின்னாலேயே எட்டி எட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர் பெட்டி ஆட்டோவில் வருகிறது என்று நினைத்திருக்கிறார். இவ்வளவுதான் நாங்கள் என்றதும் முகம் செத்துவிட்டது. அந்த வீட்டில் ராஜபாளையம் நாய் ஒன்று, கன்றுக்குட்டி உயரம், பால் வெள்ளை. கூத்து, மேளம் எது வந்தாலும் குரைத்தே ஓடவிடுகிற சாதி. நான் கிடாரை மீட்டினேன். அது குரைக்கவில்லை. கிட்டே வந்து ஒரு கம்பியை மட்டும் உற்றுப் பார்த்து லேசாக உறுமியது. தடவிப் பார்த்தால் அந்தக் கம்பி இறங்கியிருக்கிறது! முறுக்கிச் சரிசெய்ததும் பாய் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து நான் சுதி சேர்க்க அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன்.

யானைப் பாட்டைப் பாடினோம். எங்கள் சொந்தச் சரக்கு. "யானைக்கு ஒரு தும்மல் வந்துச்சு, ஊருத் தொட்டில் எல்லாம் ஆடிச்சு" என்று ஆரம்பிக்கும். தும்மல் வருகிற இடத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து தும்ம வேண்டும். பாதியில் பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோபமாக உள்ளே வந்தார். சத்தம் அதிகம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என நாங்கள் வாயை மூடினோம். அவர் சொன்னார்:

"எப்பவும் சத்தம் தாங்கலைன்னு சண்டைக்கு வருவேன். இன்னைக்கு நீங்க பாடுறது எங்க வீட்டுக்குக் கேக்கவே மாட்டேங்குது, அதான் வந்தேன்!"

கரண்ட் போயிருச்சு

ஒரு நூல் மில்லின் பிள்ளைகள் காப்பகத்தில் பாடக் கூப்பிட்டார்கள். தாய்மார்கள் அந்தப் பக்கம் மிஷினில் நிற்க, இந்தப் பக்கம் தொட்டில் வரிசை. மிஷின் இரைச்சலில் எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். நிசப்தம். டீச்சர் தேனாக ஒரு தாலாட்டை எடுத்தார். அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் வீல் என்று அழ ஆரம்பித்துவிட்டன.

டீச்சர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார். காலமெல்லாம் பிள்ளைகளைத் தூங்க வைத்தவர் அல்லவா? கதவைத் திறந்தேன். இரைச்சல் உள்ளே வந்தது. பிள்ளைகள் சிரித்தன. மறுபடி சாத்தினேன், அழுதன. தொட்டிலாட்டுகிற ஆயா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்துக்கொண்டே விளக்கினார்:

"பொறந்ததுல இருந்து மிஷின் சத்தத்துல ஒறங்குன பிள்ளைக சார். சத்தம் நின்னா கரண்ட் போயிருச்சுன்னு பயந்துருதுக. கதவத் தொறந்தா பிள்ளை ஒறங்கும், பாட்டுக் கேக்காது. சாத்துனா பாட்டுக் கேக்கும், பிள்ளை ஒறங்காது. எது வேணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கிடுங்க."

தூங்கிப்போன பால்

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரே பிதுங்கி வழிந்தது. பாய்க்குச் சினேகிதமான பால்கோவாக் கடைக்காரர், வரிசையில் நிற்கிற குடும்பங்களின் பிள்ளைகள் சிணுங்குகின்றன, வந்து பாடுங்கள் என்றார். கடைக்குப் பின்னால் அடுப்படி. அங்கே மாஸ்டர் பெரிய வாணலியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் பாட ஆரம்பித்ததும் மாஸ்டர் தாளத்துக்குக் கிண்ட ஆரம்பித்துவிட்டார். ரயில் பாட்டுக்குக் கரண்டி பறந்தது. பாய் மவுத் ஆர்கனில் கூவென்று ஊதினால் இவர் நீராவி விடுகிறார். வரிசையில் நின்ற பெரிய மனிதர்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டார்கள். பால்கோவா வாங்கியவர்கள்கூடப் போகாமல் திரும்பவும் கடைசிப் பெட்டியில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அந்த ரயில் தேரடி வரைக்கும் நீண்டு, ஒரு டவுன் பஸ் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. நம்பாதவர்கள் டிரைவரைக் கேளுங்கள். டீச்சருக்கு மூச்சு வாங்கியது. சரி, இதமாக ஒன்று என்று தாலாட்டுக்கு இறங்கினோம். கரண்டியும் இறங்கியது. மெதுவாக, இன்னும் மெதுவாக... கருகல் வாசனை மூக்கைத் துளைத்தது. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்:

"டீச்சரம்மா, கும்பிட்டுக் கேக்கேன், இங்கன தாலாட்டு மட்டும் வேண்டாம். நானும் ஒறங்கிட்டேன், பாலும் ஒறங்கிருச்சு!"

கரண்ட் வைக்காத வைத்தியம்

இப்படி ஊரெல்லாம் சிரிக்கிறது. சனிக்கிழமை ஹாலில் மட்டும் நாற்காலிகள்தான் எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளுக்கு டியூஷன், இல்லையென்றால் செல்போன். டீச்சரிடம் மகள் டிக்கெட் போடவா என்று கேட்டுவிட்டாள். கடைசிச் சனிக்கிழமைக்கு நோட்டீஸ் அடித்துப் பார்ப்போம் என்று பாய் சொன்னார்.

அச்சகத்துக்குப் போனிலேயே விஷயத்தைச் சொன்னேன். பெட்டி, ஸ்பீக்கர் இல்லாத இந்த மாதிரிப் பாட்டுக்கு மெட்ராஸ்காரர்கள் 'அக்குஸ்டிக்' என்பார்கள். கெத்தாக இருக்கட்டும் என்று அந்த வார்த்தையையும் போடச் சொன்னேன். அச்சகத்துத் தம்பி அப்போதுதான் ஒரு அக்குபங்சர் முகாமுக்கு நோட்டீஸ் அடித்து முடித்திருக்கிறார். கை அதே பழக்கத்தில் போய்விட்டது. வந்த நோட்டீஸ் இப்படி இருந்தது: 'இதமான அக்கு ஸ்டிக்! மைக் இல்லை, கரண்ட் இல்லை! குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை!' நடுவில் யானைப் படம். 'இசை' என்ற வார்த்தை யானையின் வால் பக்கம் எறும்பு மாதிரி ஒளிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்ப்பதற்குள் சுந்தரபாண்டியம் வரைக்கும் விநியோகம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை மாடி ஏறினால் ஹால் நிறைந்திருக்கிறது. அத்தனையும் முழங்கால் வலிக்காரர்கள்! வேட்டியை முட்டிக்கு மேலே ஏற்றிக்கொண்டு, எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு, தைல வாசனையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யானைப் படம் இருப்பதால் கால் வீக்கத்துக்கும் பார்ப்பார்கள் என்று பேச்சு. "மத்த எடத்துல கரண்ட் வச்சுச் சுள்ளுங்குது, இவிய கரண்ட் வைக்க மாட்டாங்களாம்லா" என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கொல்லைப்புற வழி எங்கே என்று தேடத் தோன்றியது. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்து ஓய்ந்த பேச்சியம்மாள், முன்வரிசையில் காலை நீட்டி வைத்துக்கொண்டு டீச்சரைக் கேட்டார்: "ஏம்மா, ஊசி எந்த எடத்துல குத்துவீய?"

டீச்சர் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"காதுல குத்துவோம் ஆச்சி. வலிக்கவே வலிக்காது."

ஒரு பிள்ளைகூட இல்லையே

பாய் கஞ்சிராவில் ஒரு தட்டுத் தட்டினார். முட்டியில் தட்டிப் பாடுகிற பாட்டுத்தான் முதலில். "தட்டு தட்டு முட்டிய, தவள தாண்டும் சட்டிய." சிகிச்சை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் சிரத்தையாகத் தட்டினார்கள். ரயில் விட்டோம், நொண்டிக்கொண்டே விட்டார்கள். யானைப் பாட்டில் அவர்கள் போட்ட தும்மலில் ஹால் ஜன்னல் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. இது வைத்தியம் இல்லை, வெறும் பாட்டு என்று நான் எழுந்து சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. இருந்த சிரிப்பில் கேட்டிருக்காது. ஒரு பெரியவர் தம் ஊன்றுகோலை மறந்துவிட்டு, மாடிப்படி இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வாசலில் ராஜா நின்றுகொண்டிருந்தார். ஒரு நாற்காலி காலியில்லை. ஆனால் முகத்தில் சிரிப்பும் இல்லை. "நெறைஞ்சது வாஸ்தவம். ஆனா பிள்ளைகளுக்குப் பாடுறோம்னு சொல்லித்தான ஹால் கேட்டீய? ஒரு பிள்ளைகூட இல்லையே?" டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கைப்பையை எடுத்தார். அந்தப் பையை எடுத்த விதத்திலேயே ஓசூர் ரயில் ஏறியது தெரிந்தது. பேச்சியம்மாள்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்: "யாரு சொன்னது பிள்ளை இல்லைன்னு? எங்க ஆத்தா இன்னும் உசுரோட கல்லுக் கணக்கா இருக்கா. அவளுக்கு நான் பிள்ளை இல்லையா? போன் போட்டுத் தாரேன், நீரே கேட்டுக்கிடும்!"

ஹால் இடிகிற மாதிரி ஒரு சிரிப்பு. போனும் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் ஒரு குரல், "ஏட்டி, அங்கன பாட்டாமே, என்னையும் கூட்டிட்டுப் போகலாம்லா!" என்று ராஜாவின் காதிலேயே விழுந்தது. ராஜா மெதுவாக உள்ளே வந்தார். நாற்காலி இல்லாததால் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் முட்டி மளுக்கென்று சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

"டான்ஸ் கிளாஸ்காரனுக்கு வேற எடம் பாத்துக்கிடலாம். டீச்சர், அந்தத் தவளப் பாட்ட இன்னொருக்க எடுங்க, நான் செத்த பிந்தி வந்துட்டேன்."

டீச்சர் இப்போதும் ராஜபாளையத்தில்தான் இருக்கிறார். மகள்தான் லீவுக்கு லீவு ஓசூரிலிருந்து வந்து எங்கள் பாட்டு ரயிலில் கடைசிப் பெட்டியாக நிற்கிறாள். முழங்கால்காரர்களைத் தனியாக மாடி ஏற்ற முடியாது என்று பேரன் பேத்திகளும் துணைக்கு வர, இப்போது ஹாலில் பிள்ளைகளுக்கு நாற்காலி கிடைப்பதில்லை.

சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைக்கக் கிளம்பிக் கிழவர்களை எழுப்பிவிட்டு வந்ததுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு, ஆனால் இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள், முகாமுக்கு ஆள் வராமல் போன நிஜமான அக்குபங்சர் டாக்டர் அந்த யானை நோட்டீஸ்காரனைத் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.