எதிர்வீட்டுக்குப் போன தாச்சி

ஆக்லாந்தின் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் மிளகாய் வாங்கும்போதெல்லாம் எனக்கு மொஸ்கோதான் நினைவுக்கு வரும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் விமானம் ஏறி நேரே ஆக்லாந்தில் இறங்கியதாக என் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த கதையை அவர்களுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஆறு வயது. சோவியத் அரசாங்கம் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அது கட்டிக்கொடுத்த மாடிவீடுகள் மட்டும் எது எவருடையது என்று தெரியாதபடி வரிசையாக நின்றன. லிஃப்ட் ஓடாது. படிக்கட்டு பல்புகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவரோரச் சுடுநீர்க் குழாய்கள் மாத்திரம், அரசாங்கம் மாறிய செய்தி எட்டாததுபோல, வீட்டைச் சூடாக்கிக்கொண்டே இருந்தன. எங்கள் விசா முடிந்திருந்தது. பொலிஸ் பிடித்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், எங்களை அடுத்த நாட்டுக்குக் கடத்திவிடும் ஏஜென்ட் வந்து கூட்டிப்போகும்வரை இருக்கிற இடம் தெரியாமல் இருக்கவேண்டும்.

ஒருநாள் அப்பா, மாணவர் விடுதியிலிருந்த தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு பை செத்தல் மிளகாய் வாங்கிவந்து கொடுத்துவிட்டு மறுபடி வெளியே போனார். பாண் ரொட்டியும் உருளைக்கிழங்குமாகத் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த அம்மா, அதைச் சுடுநீர்க் குழாயின்மேல் பரப்பிக் காயவைத்துத் தூளுக்காகத் தாச்சிச் சட்டியில் போட்டு வறுக்கத் தொடங்கினார். ஊரில் அந்த வேலையை வீட்டுக்கு வெளியேதான் செய்வார்கள். இங்கே மணம் வெளியே போய்விடக்கூடாதென்று யன்னலைச் சாத்திவிட்டு வறுத்தார். குசினியில் அடுப்புக்கு மேலே சுவரிலிருந்த காற்றுத் துவாரம் எல்லா மாடிக்கும் பொதுவானது என்று அவருக்கு யார் சொன்னது?

சற்று நேரத்தில் கட்டடமே இருமியது. காஸ் கசிகிறது என்று யாரோ பொலிசைக் கூப்பிட, சனம் குழந்தைகுட்டிகளோடு பனியில் இறங்கி நின்றது. எங்கள் கதவு தட்டப்பட்டது. அப்பாதான் வந்துவிட்டார் என்று அம்மா திறந்துவிட்டார்.

வந்தவர் எதிர்வீட்டில் தனியாக இருந்த பெண்மணி. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேரே உள்ளே போய், அடுப்பிலிருந்த தாச்சியை மிளகாயோடு தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். போகும்போது எங்களைக் கதவைப் பூட்டும்படி கைகாட்டினார்.

கதவுத் துளைவழியாகப் பார்த்தேன். தாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய இருமி இருமி, அவர் பொலிஸ்காரர்களுக்கு ஏதோ சொன்னார். பின்னால் ஏறிவந்த அயலவர்கள் அவரை ஏசினார்கள். பொலிஸ் எங்கள் கதவைத் திரும்பியும் பாராமல் இறங்கிப் போனது.

"அம்மா, அவ எங்கட மிளகாயைக் களவெடுத்திட்டா" என்றேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். "கதையாதை பிள்ளை. அவ நல்லா இருக்கோணும்."

சொல்லிவிட்டு அழுதார். மிளகாய் போன துக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்தப் பெண்மணி தாச்சியைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஒரு மிளகாய்கூட இல்லை. எனக்கென்று நீட்டிய இனிப்பை நான் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் படியேறும்போது, எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைத் துளைவழியாகப் பலமுறை பார்த்தேன். நாங்கள் என்றோ ஒருநாள் போய்விடுவோம், அவர் அந்த அயலோடுதான் காலம் தள்ளவேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கள்ளிக்கு நல்லா வேணும் என்று சந்தோஷப்பட்டேன்.