அல்சூர் ஏரிக்கரையில் ஒரு ஜட்கா

அடுத்த ஞாயிறே ஊருக்கு வெளியே விமானத் திடலில் முறையான கார் பந்தயம் இருந்தது. நானும் என் நண்பன் சேகரும் பெயர் கொடுத்திருந்தோம். அதுவரை பொறுக்கத்தான் எங்களுக்குப் புத்தியில்லை.

விடியற்காலையில் அல்சூர் ஏரிக்கரைச் சாலையில் அப்பாக்களின் கார்களைப் போட்டிபோட்டு விரட்டினோம். முன்னால் போன ஜட்கா வண்டியை ஹாரன் அடித்து மிரட்டி ஒதுங்க வைத்தோம். அடுத்த வளைவில் சேகரின் கார் புளியமரத்தில் மோதியது. அதில் இடிக்காமல் திருப்பிய என் கார் சாக்கடையில் இறங்கிவிட்டது.

ஓடிவந்தது அந்த ஜட்காக்காரர்தான். எங்களைத் திட்டக்கூட இல்லை. சேகரைத் தூக்கி, வண்டிக்குள் குதிரைக்கு வைத்திருந்த புல்லின் மேல் கிடத்தினார். ரத்தம் நிற்கவேயில்லை.

"வேகமாப் போங்கண்ணா!" என்று கதறினேன்.

"குலுங்கினா தாங்க மாட்டாரு சாமி. அவரு கையை வுடாம புடிச்சிக்குங்க."

"அம்மாகிட்ட சொல்லாதடா" என்றான் சேகர். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அவன் பிடி தளர்ந்துவிட்டது.

இப்போதும் விமானத் திடல் பந்தயத்துக்குப் போகிறேன். கொடி அசைந்ததும் எல்லோரும் கார்களைப் பார்ப்பார்கள். நான் ஓரத்தில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டிருப்பேன்.