வயல் மண் கரைத்த தண்ணீர்

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. முதுகில் புண். புரட்டிப் போடும்போதெல்லாம் கண்ணில் நீர் வழியும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தொண்டை சரியா வேலை செய்யலம்மா. கஞ்சியைக் கெட்டியா, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. தண்ணியா எதையும் ஊத்திடாதீங்க. நெஞ்சுக்குள்ள போச்சுன்னா ஆள் தாங்க மாட்டார்." கேட்டது நான் ஒருத்திதான். கொழுந்தன், சொந்தக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. கஞ்சி கொடுப்பது நான்தானே, அவர்களுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பார்க்க வந்தவர்களுக்கு வேறு வைத்தியம் தெரிந்திருந்தது. "இப்படி இழுத்துக்கிட்டே கிடந்தா மண்ணாசைதான். வயல் மண்ணைக் கரைச்சு வாயில விடுங்க, அடங்கிடும்." எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பொன்னாசை என்றால் நகையை உரசின தண்ணீர், மண்ணாசை என்றால் சொந்த வயலின் மண். எனக்கு எரிச்சலாக வந்தது. பீத்துணி அலச ஒரு ஆள் வரவில்லை, யோசனை சொல்ல மட்டும் ஊரே வந்தது.

அவருக்கு மண்ணாசை இல்லை என்றும் சொல்ல முடியாது. கீழ்வேளூர் பக்கம் வாய்க்காலோரமாக எங்களுக்கு ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர் வரும். குத்தகைக்கு விட்டிருந்தோம். உழுகிறவரை நிலத்தைவிட்டு எழுப்பக் கூடாது என்று புதுச் சட்டம் வந்ததும் குத்தகைக்காரர் தாலுகா ஆபீசில் தன் பேரைப் பதிந்துகொண்டார். வரப்பில் விவசாயச் சங்கத்தின் சிவப்புக் கொடி ஏறியது. உழுகிறவருக்கு அவர் நியாயம், இவருக்கு இவர் நியாயம். கோர்ட்டுக்கு நடந்து நடந்து, கடைசியில் தோற்று, அன்றிலிருந்து இவர் அந்த வரப்பை மிதிக்கவே இல்லை.

இப்போது மண் வேண்டுமென்றால் அந்தக் குத்தகைக்காரரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். கொழுந்தனைப் போகச் சொன்னேன். "அவன்கிட்டப் போயி கையேந்தறதுக்கு அண்ணன் இப்படியே கிடக்கட்டும் அண்ணி" என்றார். கிடப்பது அவர் இல்லையே, வீறாப்புக்கு என்ன குறைச்சல். நானே போனேன்.

நடவு நடந்துகொண்டிருந்தது. குத்தகைக்காரர் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு கரையேறினார்.

"ஒரு பிடி மண் வேணும். இதுக்கும் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிடாதீங்க" என்றேன்.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "எந்த இடத்துலம்மா எடுக்கட்டும்? ஐயாவுக்கு மடைவாய்தான் உசிரு" என்று குனிந்து, மடையிலிருந்து சேற்றை அள்ளிப் பூவரச இலையில் வைத்துக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் கழித்து இந்த அழுகை யாருக்கு வேண்டும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

வழி நெடுக டாக்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை. மறுநாள் காலை, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, மண்ணைக் கரைத்து மூன்று கரண்டி விட்டேன். அவர்களுக்கு அது சாங்கியம். எனக்கு அது என்னவென்று தெரியும். பட்டது போதும், போகட்டும் என்றுதான் செய்தேன். இருமினார், மூச்சு இரைத்தது, மதியத்துக்குள் அடங்கிவிட்டது. "பாத்தீங்களா, மண்ணுக்காகத்தான் நின்னிருக்கு" என்று எல்லோருக்கும் ஒரு திருப்தி. கடைசிவரை பார்த்துக்கொண்ட புண்ணியவதி என்று எனக்குப் பேர்.

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. காரியம் முடிந்ததும் எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். ஒருத்திக்கு உலை வைத்து ஒருத்தியாகத் தின்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. சில நாள் ரேடியோவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

ரொம்ப நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரி பேப்பர் படித்துக் காட்டினாள். எங்கேயோ ஒருவன், புற்றுநோயில் துடித்த தாயைப் பார்க்கச் சகிக்காமல் கொன்றுவிட்டுத் தானே போலீசில் போய் நின்றானாம்.

"பாவம்க்கா. இவனையெல்லாம் விட்டுடணும். என்ன சொல்றீங்க?"

"விடக் கூடாது" என்றேன்.

"ஏங்க்கா, உங்களுக்கு மனசே இல்லியா?"

"தூக்குல போடச் சொல்லல. கூண்டுல ஏத்தி, என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர் கேக்கணும். அவன் வாயைத் திறந்து சொல்லணும். தண்டனை பெரிசோ சிறிசோ, அது வேணும் அவனுக்கு."

"உங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாதுக்கா. உங்க வீட்டுக்காரர் மண்ணு உள்ள போனதும் நிம்மதியாப் போயிட்டாரு."

"ரெண்டாவது கரண்டிக்கு அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டார்" என்றேன். "நான்தான் கன்னத்தை அழுத்தித் திறந்தேன். வேணாம்னு சொன்னாரான்னு எனக்குத் தெரியல."

அவள் பேப்பரை மடித்தாள். "உசிரு போற நேரத்துல அப்படித்தான்க்கா இருக்கும். நீங்க எதையாவது நெனச்சுக்காதீங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, சோறு குழைந்துவிடும் என்று எழுந்து போனாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.