ஒழுகாமல் நின்ற வண்டி

காரிமங்கலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு இரண்டே அறைகள். முன்னறையில் என் பழைய மோட்டார் சைக்கிள் நிற்கும், பின்னறையில் சமையல். வண்டியைத் தெருவில் விட்டால் விடிவதற்குள் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள். அதனால் வாசற்படியில் பலகை போட்டு வண்டியை உள்ளே ஏற்றுவது அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். கழுவிவிடும் தண்ணீர் பின்பக்கம் ஓடுவதற்காகத் தரையைச் சமையலறை நோக்கிச் சரிவாகப் போட்டிருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்.

அன்று சந்தை நாள். நான் செய்தி எழுதும் பத்திரிகைக்குத் தர்மபுரியில் செய்தியைக் கொடுத்துவிட்டு, மாலை நாலரை மணிக்குத் திரும்பி வண்டியை ஏற்றி நிறுத்தினேன். பெட்ரோல் குழாயை மூட மறந்தேன். தெருக்குழாயில் முகம் கழுவிக்கொண்டு திரும்பப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் ஓர் ஈரக்கோடு சமையலறைக்குள் போயிருந்தது.

என் மனைவி தரையில் குந்தி, ஸ்டவ்வுக்குப் புனல் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றி முடித்திருந்தாள். மண்ணெண்ணெய் வாடையில் பெட்ரோல் வாடை அவளுக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பு ஈரத்தில் கிடந்தது. கையில் தீப்பெட்டி.

"குச்சியக் கிழிக்காத" என்றேன்.

"ஏங்க, டீ வேணாமா? இப்பத்தானே கேட்டீங்க" என்று சிரித்தாள்.

"எந்திரி. பின்கதவு வழியா வெளிய போ."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தீப்பெட்டியை மார்போடு அழுத்திக்கொண்டு வெளியே போனாள். நான் குழாயை மூடினேன். ஒரு விரலால் திருப்பும் அந்தச் சிறு திருகுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன.

தரையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றித் தள்ளினோம். அவள் வேறு சேலை கட்டிக்கொண்டு, நனைந்ததை வாளியில் போட்டாள். ஆபத்து விலகிவிட்டது என்று உட்கார்ந்த பிறகுதான் நான் உண்மையாகவே பயந்தேன். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியை நானே பலமுறை எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது வரியில் திருமணமாகி எத்தனை மாதம் என்பது வரும், கடைசி வரியில் கோட்டாட்சியர் விசாரணை. படிப்பவர்கள் ஸ்டவ்வை நம்புவதில்லை. எழுதிய நானும் நம்பியதில்லை. எங்கள் கல்யாணப் பேச்சில் மாமனார் புது வண்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். மழை இல்லாத வருடம், முடியவில்லை. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்கு ஒரே சாட்சி என் மனைவி.

ஐந்தரை மணிக்கு மாமனார் வந்தார். மொரப்பூர் பக்கத்து விவசாயி. சந்தையில் வாங்கிய கயிற்றுச் சுருள் தோளில் தொங்கியது. வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். நேராக வாளிக்குப் போய், சேலையைத் தூக்கி முகர்ந்தார்.

"என்னம்மா, சேலையில பெட்ரோலு?"

"வண்டி ஒழுகிடுச்சுப்பா. பாக்காம உக்காந்துட்டேன்."

"வண்டி ஒழுகி வூட்டுக்குள்ள சேலை நனையுமா?" என்று என் பக்கம் திரும்பினார். "எங்கீங்க மாப்ள, ஒழுக விடுங்க பாக்கலாம்."

வண்டியைப் பலகை வழியாகத் தெருவில் இறக்கிக் குழாயைத் திறந்தேன். மூவரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. இறக்கிய குலுக்கலில் உள்ளே சிக்கியிருந்தது விடுபட்டிருக்க வேண்டும். அதை வாயால் சொன்னால் பொய்போல ஒலிக்கும் என்று தெரிந்தது.

"இப்ப ஒழுகலீங்களே" என்றார்.

"அது என்ன மாடாப்பா, சொன்னவொடனே ஒண்ணுக்குப் போக?" என்றாள் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

குழாயை மூடி, ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றினேன். நான் மெக்கானிக் இல்லை, மெக்கானிக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன். அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் பித்தளை மிதவை. கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் மிதவையும் ஏறி, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். மிதவை கீழேயே சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். இதைச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. "கொடுங்க" என்று கிண்ணம் கழன்ற கார்புரேட்டரை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். மிதவையை விரலால் தூக்கிவிட்டார். அது தன் கனத்தில் தடையில்லாமல் விழுந்தது.

இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்று. நான்கு. ஒவ்வொரு முறையும் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஐந்தாவது முறையும் விழுந்தது. ஆறாவது முறை மிதவை பாதியில் நின்றது. விரலை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றது நின்றதுதான்.

"புடிச்சுக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மிதவை ஆடும் கம்பியை உருவினேன். பழுப்பாகப் பிசின் போல் ஏதோ படிந்திருந்தது. பெட்ரோலில் துணி நனைத்து, கம்பி பளபளக்கும்வரை தேய்த்தேன். அது நுழையும் துளைகளையும் துடைத்து மாட்டினேன். அவர் மறுபடி தூக்கித் தூக்கி விட்டார். எத்தனை முறை என்று எண்ணுவதை நான் நிறுத்திய பிறகும் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவையும் நிற்கவில்லை. பூட்டிக் குழாயைத் திறந்து கால்மணி நேரம் காத்திருந்தோம். வண்டிக்குக் கீழே மண் காய்ந்தே இருந்தது.

அவர் போக வேண்டிய பஸ் அதற்குள் போய்விட்டது. "துணி எடுத்துக்கம்மா. ரெண்டு நாளு நம்ம வூட்ல இருந்துட்டு வா" என்றார் மகளிடம்.

"நான் வந்துட்டா இவருக்குச் சுடுதண்ணி யாரு வெப்பா? உக்காருப்பா, டீ போடறேன்."

அவர் உட்காரவில்லை. உள்ளே போய்ச் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, மூலை மூலையாக முகர்ந்தார். திரும்பி வந்து மகள் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கினார்.

"அடுப்ப நான் பத்த வெக்கறேன். ரெண்டு பேரும் எதுத்தாப்ல போய் நில்லுங்க. நீங்களுந்தான் மாப்ள."

தெருவின் மறுபக்கம் நின்றோம். திறந்திருந்த கதவு வழியாக, குனிந்த அவர் முதுகு மட்டும் தெரிந்தது. முதல் குச்சி பற்றவில்லை போலும். கை மறுபடி அசைந்தது. "அப்பா" என்று கூப்பிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. பிறகு ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் ஓசை, சற்று நேரத்தில் அதன் இரைச்சல்.

"சக்கரை எங்கம்மா வெச்சிருக்க?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.