பேர் மாற்றிப் போட்ட கொழுந்து

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்களில் குன்னூரே கையைப் பிசைந்துகொண்டிருக்க, பிரிஸில்லா மட்டும் சாப்ட்வேர் விற்க அலைந்தாள். கொழுந்து எடை, தினசரி ஆஜர்ப் பதிவு, தொழிற்சாலைச் செலவு, ஏல விலை என்று மூலைக்கொன்றாய்க் கிடக்கும் கணக்குகளை ஒரே திரையில் கோத்து, எங்கே லாபம், எங்கே ஓட்டை என்று காட்டுகிற சாப்ட்வேர். இனி இதற்குத்தான் சந்தை, மலையில் ஒரு எஸ்டேட் பாக்கியிருக்காது என்று கோயமுத்தூர் தலைமை அலுவலகம் அடித்துச் சொன்னது. அந்தப் புண்ணியவான்கள் மலையேறி வந்து பார்த்ததில்லை. போன இடத்திலெல்லாம் டீ கொடுத்து, "அடுத்த வருஷம் பார்க்கலாமுங்க" என்று அவளை அனுப்பினார்கள். இந்த மாதமும் ஆர்டர் இல்லையென்றால் குன்னூர் கிளைக்குப் பூட்டுதான்.

அப்போதுதான் ஒரு எஸ்டேட் கூப்பிட்டது. அவள் பிறந்து வளர்ந்த எஸ்டேட். அப்பா போன பிறகு அம்மா தபித்தாள் அங்கே கொழுந்தெடுத்துத்தான் அவளைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்தாள். அம்மா இன்னும் அங்கே, வேலையில் இருப்பவர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீட்டில்தான் இருக்கிறாள். குன்னூருக்கு வா என்றால், "எம்பேரு ஆஜர்ல இருக்கற வரைக்கும் ஊடு என்னுது, நான் எதுக்கு வரோணும்?" என்பாள்.

எஸ்டேட்டின் சொந்தக் கணக்கையே போட்டுக் காட்டச் சொன்னார் மேனேஜர். ஒரு வாரம் உட்கார்ந்து ஏற்றினாள். எல்லாம் பார்த்துத் தலையாட்டியவர் கடைசியில் கேட்டார்: "இந்த விலைக்கு எல்லாரையும் வெச்சு ஓட்ட முடியாதுங்க. ஆள் குறைக்கணும்னா மொதல்ல யாரைன்னு இது சொல்லுமா?"

பழக்க தோஷத்தில் கை பட்டனைத் தட்டிவிட்டது. முதலில் வந்த பெயர் பொன்னாயி.

சிலோனிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியேறிய பொன்னாயிக்கு ஈடாகக் கொழுந்தெடுக்க அங்கே ஆள் கிடையாது. ஆனால் இரண்டு வருஷமாக அம்மாவுக்கு இளைப்பு, சரிவில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. எடைபோடும் இடத்தில் பொன்னாயி தன் கொழுந்தில் பாதியைத் தபித்தாள் பெயரில் கொட்டிவிடுவாள்; அதனால் கணக்கில் அவள் எடைதான் கடைசி. பொன்னாயி பிள்ளைத்தாச்சியாய் இருந்தபோது தபித்தாளும் அவளுக்கு அப்படிக் கொட்டியவள்தான். தேயிலைக் காட்டில் இது எல்லோருக்கும் தெரியும், வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரிக்கும் தெரியும். ஆபீசுக்குத்தான் தெரியாது.

"உங்கம்மா இந்த வயசுலயும் நல்லாத்தான் எடுக்கறாங்க," என்றார் மேனேஜர்.

வாயை மூடிக்கொண்டு ஆர்டரை வாங்கிப் போயிருக்கலாம். தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பொன்னாயியைத் தானே விரட்டுவதா என்று தோன்றியது. அம்மாவுக்கு மகள் வீடு இருக்கிறது. பிள்ளைகள் திருப்பூர் பக்கம் போய்விட்ட பொன்னாயிக்கு யார் இருக்கிறார்கள்? உள்ளதைச் சொன்னால் மேனேஜர் மனசிரங்குவார் என்று நம்பினாள், பாவம். சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "ரெண்டு வருஷமா எங்க கண்ணுல படாததை ஒரே வாரத்துல பிடிச்சுக் குடுத்துட்டீங்க. எடையில பொய்யின்னா ரெண்டு பேருமே வெளிய போகவேண்டியதுதானுங்க."

"சார், இல்லாத கொழுந்தையா காட்டினாங்க? எடுத்த கொழுந்துதானுங்க..."

அவர் காதில் ஏறவில்லை. ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விலை விழுந்த இந்த நேரத்தில்தான் இந்தச் சாப்ட்வேர் எல்லோருக்கும் தேவை, மற்ற எஸ்டேட்டுகளுக்கும் தானே சொல்வதாகச் சொன்னார். கோயமுத்தூர்க்காரர்கள் சொன்ன சந்தை கண்ணெதிரே திறந்தது. அவள் ஆர்டரைக் கையில் பிடித்தபடியே அம்மாவைப் பார்க்க நடந்தாள்.

லைன் வீட்டில் பொன்னாயி அம்மாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஆர்டர் கெடைச்சிருச்சா புள்ள?" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள். பிரிஸில்லா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். பொன்னாயி துணியைப் பிழிந்து மறுபடி முதுகில் வைத்தாள்.

தபித்தாள் அவள் கையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரு கண்ணு உன்னையச் சொல்லச் சொன்னா? அவ பேரு போயிருந்தா இங்க எங்கூட வந்து இருந்திருப்பா. நான் ஊர்ந்தாவது ஏறி எடுத்திருப்பேன். ஒரு ஊடு இருந்தா எங்க ரெண்டு பேருக்கும் போதும். இப்ப அதுவுமில்ல."

"குன்னூருக்கு வாங்கம்மா. ரெண்டு பேரையும் நான் வெச்சுக் காப்பாத்தறேன்."

தபித்தாள் மகளின் கையிலிருந்த ஆர்டரைப் பார்த்தாள்.

"எந்தச் சம்பளத்துல?" என்றாள்.