ராமுத்தாய் கேட்ட இரண்டாவது ஆய்வு

அனுமந்தன்பட்டியில் ராமுத்தாயின் அண்ணன் வீட்டுக்கு வெகுகாலம் பூட்டே கிடையாது. பூட்டுக்குப் பதிலாக ராமுத்தாய் இருந்தாள். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவளுடைய இரண்டு கால்களையும் முடக்கிவிட்டிருந்தது. எல்லோரும் தோட்டத்துக்குக் கிளம்பும்போது அவளை வாசலில் உட்கார்த்திவிட்டுப் போவார்கள். கோழி விரட்டுவாள், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வாள், கீரை ஆய்ந்து வைப்பாள். அண்ணன் நல்லவர்தான். மதினிக்கும் வாய்தான் நீளமே தவிர மனசு கெட்டதில்லை. ஆனால் ஒரு மனுஷியைப் பூட்டாக வைத்திருக்கிறோமே என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நல்லவர்கள் செய்கிற காரியம் சில சமயம் இப்படித்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

முப்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரு வேன் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் பழக்கி வேலையில் அமர்த்தும் அறக்கட்டளை ஒன்று, அரசாங்க மானியத்தில் அந்த வேனை ஓட்டியது. சக்கர நாற்காலியோடு ஏறிக்கொள்ளச் சாய்வுப்பலகை வைத்த வேன். அதை ஓட்டிய வினோத்ராஜே வேலை பழக்குகிறவனும். வேன் போய் நின்ற இடம், சின்னமனூருக்கு வெளியே தங்கபாண்டியின் வாழைக்காய் பேக்கிங் ஷெட். கூலி தங்கபாண்டி கொடுப்பார். வேனுக்கும் வினோத்ராஜுக்கும் மானியம்.

காது கேளாத கருத்தக்கண்ணன் தாரிலிருந்து சீப்பு சீப்பாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் விடுவான். கண் தெரியாத சுகிர்தம் ஒவ்வொரு சீப்பையும் துடைத்து, விரலாலேயே அடிபட்ட காயைக் கண்டுபிடித்து ஒதுக்குவாள். ராமுத்தாய் பெட்டியில் அடுக்குவாள். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த சக்கரப்பலகையில் உட்கார்ந்துகொண்டு ஷெட் முழுக்க உருண்டு வருவாள். இப்படிப் பத்துப் பதினைந்து பேர். முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கியது ஒரு பித்தளைப் பூட்டு. மதினி கையில் கொடுத்து, "இனிமே இது பாத்துக்கிரும்" என்றாள். மதினி ஒரு வாரம் பேசவில்லை. பிறகு சாவியைத் தாலிக்கயிற்றில் கோர்த்துக்கொண்டாள்.

மானியம் இரண்டு வருஷத்துக்குத்தான். மார்ச்சோடு முடிகிறது, நீட்டிக்க வேண்டுமானால் தேனியிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள் என்று ஜனவரியில் தகவல் வந்தது. வேன் நின்றால் வேலையும் நின்றது. ராமுத்தாய் மறுபடியும் வாசலில்.

தங்கபாண்டி வியாபாரி. அதிகாரி என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "ஆபீசர் வர்ற அன்னைக்கு வேலை கிடையாது. பந்தல் போடுறேன். எல்லாரும் பழைய துணியில வந்து உக்காருங்க. நல்லாருக்கோம்னு தெரிஞ்சா, பொறவு எதுக்கு மானியம்னு போயிருவாக. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போகும்போது காலைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள்தானே அத்தனை பேரும். ராமுத்தாய்க்கு என்னவோ போலிருந்தது. இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை.

பந்தல் போட்டாயிற்று. ஷெட்டுக்குள் தானாகவே வளைய வரும் சுகிர்தத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். ராமுத்தாயின் சக்கரப்பலகையை ஒளித்துவைத்துவிட்டு, அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். கருத்தக்கண்ணனைக் கைகூப்பி நிற்கச் சொன்னார்கள். அவன் பாதியிலேயே கோபித்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். அந்த இடத்தில் ரோஷம் இருந்தது அவனுக்கு மட்டும்தான். அதிகாரி ஹேமாவதி நல்ல மாதிரி. பார்த்ததும் கண் கலங்கினார். ஒவ்வொருவரின் தோளையும் தொட்டுவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. "இவர்கள் வேலை செய்யும் நிலையில் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க உதவலாம், வேலைத் திட்டத்தை நீட்டிக்கத் தேவையில்லை" என்று அவர் எழுதிவிட்டதாக வினோத்ராஜ் வந்து சொன்னான். அந்த அம்மாவைக் குறைசொல்ல வழியில்லை. கண்ட காட்சியைத்தான் எழுதியிருந்தார்.

தங்கபாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ராமுத்தாய் அன்று முழுக்கப் பெட்டி அடுக்கினாள். சாயங்காலம் வேனில் ஏறிய பிறகு, "திங்கக்கெழமை என்னயத் தேனிக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள் வினோத்ராஜிடம்.

"அங்க போயி என்னக்கா சொல்லுவ?" என்று சுகிர்தம் பதறினாள். "நல்லா வேலை செய்றோம்னு சொன்னா, மாசாமாசம் வர்ற உதவித்தொகையும் போயிருமே."

"போனாப் போகட்டும். அது வருதுங்கிறதுக்காக நான் வாசல்ல உக்கார மாட்டேன். நீ வேணா உக்காரு."

சுகிர்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயந்துதான் இருந்தாள். ராமுத்தாயும் பயந்துதான் இருந்தாள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் திருவிழாக் கூட்டம். வராந்தாவில் வழி கேட்டுக் கேட்டுச் சக்கரப்பலகையை உருட்டிக்கொண்டு ஹேமாவதியின் மேஜைக்கு வந்து சேர்ந்தாள். அவருக்கு முகம் நினைவிருந்தது. பலகைதான் புதிதாக இருந்தது.

"மனு கொண்டுவந்திருக்கீங்களாம்மா?"

"இல்லம்மா. நீங்க வந்தன்னைக்கு நாங்க காட்டுனது பொய்யி. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஹேமாவதியின் முகம் சிவந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்னை ஏமாத்தினீங்களா?"

"ஆமாம்மா. பாவப்பட்டவுகளா இருந்தாத்தான் சர்க்கார் குடுக்கும்னு நெனச்சோம். எங்க மேல தப்பு. திட்டுறதுன்னா திட்டிக்கங்க. ஆனா திரும்ப ஒருக்கா வந்து பாருங்க."

"ரிப்போர்ட் போயாச்சு. அதை நான் மாத்தி எழுதணும்னா எனக்குத்தான் கேள்வி வரும், தெரியுமா?"

"தெரியும்மா. அதுக்குத்தான் கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள் ராமுத்தாய். அவள் கெஞ்சுகிற தொனி மிரட்டுகிற மாதிரிதான் இருந்தது. "ஒண்ணே ஒண்ணு. எப்ப வர்றீகன்னு சொல்லாம வாங்க. சொன்னா மறுபடியும் பந்தல் போட்டுருவாக."

ஹேமாவதி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் ராமுத்தாய்க்கு அதே யோசனை. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று வேன் வீரபாண்டி ஊரைத் தாண்டுவதற்குள் பத்துத் தரம் நினைத்துக்கொண்டாள்.

நாள் போனது, யாரும் வரவில்லை. மார்ச் பிறந்தது. ஒரு புதன்கிழமை லாரி வாசலில் நிற்கிறது, சாயங்காலத்துக்குள் லோடு ஏறவேண்டும், எல்லோரும் தலைதெறிக்க வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பெட்டியை மடியில் வைத்து வேகமாக உருண்டு வந்த ராமுத்தாய், குறுக்கே தெரிந்த சேலையைப் பார்த்துக் கத்தினாள்: "யாரும்மா அது, ஒதுங்கி நில்லுங்க, கால்ல ஏத்திருவேன்."

ஒதுங்கி நின்றது ஹேமாவதி. ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். தங்கபாண்டி அலறியடித்துக்கொண்டு பொன்னாடை தேடி ஓடினார். ராமுத்தாய் பலகையை நிறுத்தினாள். ஆனால் பெட்டி பாதியில் இருந்தது. "அண்ணே, பொன்னாடை கெடக்கட்டும். டேப்பு தீந்துபோச்சு, அத எடுத்தாங்க" என்றாள்.

ஹேமாவதி சுவரோரம் நின்று பார்த்தார். கருத்தக்கண்ணனின் கத்தி ஓடுவதை, சுகிர்தம் ஒரு காயைத் தடவி ஒதுக்கிவைப்பதை, வினோத்ராஜ் கைஜாடையில் லாரி எண்ணைச் சொல்வதைப் பார்த்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை, கவனிக்க நேரமில்லை. கடைசிப் பெட்டி ஏறிய பிறகுதான் ராமுத்தாய் அவரிடம் வந்தாள். வாழைக்கறை பிடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தங்கபாண்டி பயந்துகொண்டிருந்த கேள்வியையே ஹேமாவதி கேட்டார். "இவ்வளவு நல்லா செய்றீங்களே, அப்புறம் எதுக்கு மானியம்?"

தங்கபாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"வேலைக்கு வேணாம்மா, அதுக்கு நாங்க இருக்கோம்" என்றாள் ராமுத்தாய். "எங்க ஊர்லருந்து இங்கன வர்றதுக்கு வேணும். பஸ்ஸுப் படி என் தலைக்கு மேல இருக்கு. கருத்தக்கண்ணனுக்கு யாராச்சும் ஜாடையில சொன்னாத்தான் லோடு மாறாது. வேனும் இந்தத் தம்பியும் இல்லைன்னா, நாளைக்கே நாங்க பந்தல்ல உக்காந்திருந்தவுகளா ஆயிருவோம். அன்னைக்கு நீங்க பாத்தது பொய்யின்னு சொன்னேன்ல, ஏப்ரல்ல வந்தா அது நெசமாயிருக்கும்மா."

ஹேமாவதி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "வேன் எப்போ கிளம்பும்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் ஜீப்பைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, வேனிலேயே ஏறி அனுமந்தன்பட்டி வரைக்கும் போனார்.

நீட்டிப்பு உத்தரவு மாதக் கடைசியில் வந்தது. ஒரு வருஷத்துக்கு. உதவித்தொகை என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, ராமுத்தாயும் கேட்கவில்லை. வினோத்ராஜ் விஷயத்தைச் சொன்னதும் சுகிர்தம் கையில் சீப்போடு விம்மத் தொடங்கினாள்.

"அழுகுறதுன்னா அங்கிட்டுப் போயி அழு. காய் ஈரமாகுது" என்று அதட்டினாள் ராமுத்தாய். ஒரே வருஷம்தானே என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"அடுத்த வருசமும் அந்த அம்மாவையே வரச் சொல்லுங்க" என்றாள். "என்னைக்கு வர்றாகன்னு மட்டும் எனக்குக்கூடச் சொல்ல வேணாம்."