புதன்கிழமை வந்த பன்னிரண்டாவது ஆள்

போன புதன்கிழமை காலை பத்து மணி. சுன்னாகத்தில் என் வீட்டு விறாந்தையில் வெள்ளை வேட்டியும் சால்வையுமாகப் பன்னிரண்டு கிழவர்கள். ரோட்டால் போன பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, என் மனைவியிடம் மெல்லக் கேட்டிருக்கிறார்.

"என்ன அக்கா, ஏதும் துக்கமோ?"

"இல்லைத் தம்பி. இது இவையின்ரை கிளாஸ்."

ஓம், எங்கள் வகுப்புத்தான். கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இன்றும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் உயிரோடு இருப்பவர்கள் நாங்கள் பன்னிரண்டு பேர். ஆறு வருஷமாக வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறோம். ஆனால் ஆறு முறையும் வந்தது பதினொரு பேர்தான்.

வராதவன் உரும்பிராய் வல்லிபுரம். கணக்கில் வகுப்புக்கே முதல் ஆள். நான் அல்ஜிப்ரா பாஸ் பண்ணியது அவன் புண்ணியத்தில். தகப்பன் இறந்ததும் படிப்பை விட்டுத் தோட்டத்துக்குப் போனான். மற்ற எல்லோரும் உத்தியோகத்துக்குப் போனோம்.

போன மாதம் இந்த வருஷக் கூட்டத்துக்குத் திட்டம் போட இருந்தபோது, செயலாளர் கணபதிப்பிள்ளை சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார். ரயில்வேயில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். எழுதியதை வெட்டுவதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

"ஆறு தபாலட்டை போட்டாச்சு. ஆறுக்கும் 'வர வசதிப்படாது' எண்டுதான் பதில். காரணம் ஒண்டும் இல்லை. பேரை வெட்டுவம்."

"தோட்டக்காரன்... எங்களோடை வந்திருக்க வெக்கமாக்கும்" என்றார் இன்னொருவர். பலர் தலையாட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயரை வெட்டினால் என் அல்ஜிப்ராவையும் சேர்த்தல்லவா வெட்டுவது? "பொறுங்கோ, நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை உரும்பிராய்க்கு பஸ் ஏறினேன். தோட்டத்தில் இறைப்பு மிசின் இரைந்துகொண்டிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றான் வல்லிபுரம். வெட்கப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. எனக்குத்தான் செருப்பைச் சேற்றில் வைக்கக் கூச்சமாக இருந்தது.

"நில்லு மச்சான், இந்தப் பாத்தி முடியட்டும்."

அந்தப் பாத்தி முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. வரப்பில் நின்றபடியே கேட்டுவிட்டேன். "ஏன்ராப்பா ஒரு கூட்டத்துக்கும் வாறாயில்லை?"

"எல்லாம் சனிக்கிழமையிலையெல்லோ வைக்கிறியள்? இந்தக் கிணறு மூண்டு பேருக்குப் பங்கு. செவ்வாயும் சனியும் என்ரை இறைப்பு முறை. இண்டைக்கு விட்டால் செவ்வாய் வரைக்கும் வெங்காயம் காயும்."

"இதை ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"உத்தியோகக்காரருக்குச் சனிக்கிழமைதானே தோது. என்ரை ஒருதனுக்காக நீங்கள் எல்லாரும் லீவு போடுறதோ எண்டு விட்டிட்டன்."

"லீவோ?" என்று கேட்டபோதே எனக்கு உறைத்தது. யார் போடுவது? யாரிடம் போடுவது? பதினொரு பேரும் பென்சனாகிப் பத்து வருஷத்துக்கு மேல்! ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்குச் சேர்ச் என்பதால் சனிக்கிழமை என்று முடிவு செய்தோம். திங்கள், புதன், வியாழன் என்றெல்லாம் நாட்கள் இருப்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் பாருங்கள், இவனைத் தேடிச் சனிக்கிழமைதான் வந்திருக்கிறேன்.

வல்லிபுரத்துக்கும் அதே நேரம்தான் உறைத்திருக்கிறது. கணக்குப்புலி இந்தச் சின்னக் கணக்கில் பிழை விட்டுவிட்டான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். நானும் வரப்பிலேயே குந்திவிட்டேன்.

காரணம் தெரியாத இடத்தில் நாங்களே ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்கிறோம் — அதுவும் எங்களைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுகிற காரணமாகப் பார்த்து. உங்களுக்கும் இது நடந்திருக்குமே?

செயலாளரிடம் போனேன். "இந்த முறை புதன்கிழமை வைப்பம்."

"புதன் வேலை நாளெல்லோ?"

"ஆருக்கு?"

கணபதிப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

புதன்கிழமை எல்லோருக்கும் முதல் வந்தவன் வல்லிபுரம். சைக்கிள் கரியரில் ஒரு பெரிய பிடி வெங்காயம். எல்லோரும் வந்து சேர்ந்ததும், பழைய வகுப்பு இடாப்பு ஒழுங்கில் செயலாளர் பெயர் கூப்பிட்டார். கடைசிப் பெயர் வந்தது.

"வல்லிபுரம்?"

"பிரசென்ட், சேர்."

பதினொரு பேரும் கைதட்டினோம். எனக்குக் கண் கலங்கியது. நான் அதை மறைக்கவும் இல்லை. 'வராதோர்: ஒருவரும் இல்லை' என்று கணபதிப்பிள்ளை அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வரியை வெட்டாமல், அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

பென்சன் எடுத்துப் பத்து வருஷம் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பிழை... நாங்கள் பென்சன் எடுத்தது போன புதன்கிழமைதான்.